ஜன்னலோர நாற்காலி: ஒரு மாணவி, இரண்டு செமஸ்டர்கள்

மூன்று அரியரோடு அவள் என் அறைக்கு வந்தபோது கையில் ஒரு டைம்டேபிள் இருந்தது. அவளே போட்டது. காலை 5 மணிக்கு எழுவதில் தொடங்கி இரவு 11 வரை அரைமணி அரைமணியாகக் கட்டம் கட்டி, பாடத்துக்கு ஒரு நிறம் தீட்டியிருந்தாள். சுவரில் மாட்டி வைக்கலாம், அவ்வளவு அழகு.

"இதை எத்தனை நாள் பண்ணினே?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் மேடம்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் மத்தியானம் வரைக்கும்தான்."

நான் கணக்குப் பாடம் நடத்துகிறேன். அதோடு, ஒவ்வொரு ஆண்டும் சில மாணவர்களுக்கு மென்ட்டராகவும் இருக்கிறேன். அவர்களில் ஒருத்தியோடு இரண்டு செமஸ்டர் நடந்ததை, அவள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இங்கே எழுதுகிறேன். பெரிய வெற்றிக் கதை என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதி தேறியது, பாதி தேறவில்லை. எதனால் தேறியது என்று யோசித்தபோது எனக்குச் சில விஷயங்கள் தெளிந்தன. நான் செய்த தவறுகள் மென்ட்டராக இருக்கும் மற்றவர்களும் செய்யக்கூடியவைதான்.

பள்ளியில் அவள் நன்றாகப் படித்தவள். கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே மூன்று தாள் போயிற்று. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "திமிர் வந்துடுச்சுன்னு சொன்னாங்க" என்றாள். அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள். எனக்குச் சோம்பல், எனக்கு மனஉறுதி இல்லை, என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள்.

முதல் வாரம் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன். என்ன படித்தாய் என்று எழுதாதே, எத்தனை மணிக்கு எங்கே இருந்தாய், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வா. ஏழு நாள் கழித்து அவள் கொண்டுவந்த தாளில் சோம்பலைக் காணவில்லை. வகுப்புகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் போயிருக்கிறாள். தினமும் இரவு 9 மணிக்குப் புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். எங்கே? ஹாஸ்டல் அறையில், கட்டில் மேல், கையெட்டும் தூரத்தில் போன், சுற்றிலும் பேசிக்கொண்டிருக்கும் மூன்று பேர். 12 மணி வரை நோட்ஸை ஹைலைட்டரோடு திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, ஒரு மணிக்கு மேல் தூங்கியிருக்கிறாள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு பள்ளி நாட்களைப் பற்றிப் பேசினோம். மணி அடிக்கும், பாடம் மாறும். வீட்டுப்பாடத்தை மறுநாளே டீச்சர் பார்ப்பார். வாரம் ஒரு டெஸ்ட். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்தால் எதிரில் அம்மா உட்கார்ந்திருப்பார். "படிக்கணும்னு நான் முடிவு பண்ணினதே இல்ல மேடம். அந்த நேரத்துல அங்க உக்காருவேன், அவ்வளவுதான்" என்றாள். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. அவளுக்குப் படிக்கும் பழக்கம் இருந்தது. ஆனால் அந்தப் பழக்கத்தைத் தாங்கிப் பிடித்தவை அந்த மேஜையும், அந்த மணியும், எதிரில் இருந்த அந்த ஆளும். கல்லூரிக்கு வரும்போது அவள் மட்டும் வந்தாள். மற்றவை வரவில்லை.

பழக்கங்களைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த வெண்டி வுட் என்ற உளவியலாளர் 2005இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களிடம் உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு, டிவி பார்ப்பது ஆகிய பழக்கங்கள் என்ன ஆயின என்று கவனித்தார்கள். புதிய இடத்திலும் சூழல் பழையபடியே அமைந்தவர்களிடம் பழக்கம் தொடர்ந்தது. சூழல் மாறியவர்களிடம் அது தானாக நடப்பது நின்றுபோனது. இதை அவளிடம் சொன்னபோது முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். திமிர் என்ற சொல்லுக்கு மாற்றாக வேறொரு விளக்கம் கிடைத்தது போல.

சரி, இவ்வளவும் புரிந்த நான் அடுத்து என்ன செய்தேன்? இன்னொரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன்.

சிரிக்க வேண்டாம். அவள் போட்டதைவிட நிதானமானது, நடைமுறைக்கு ஏற்றது என்றுதான் நினைத்தேன். மாலையில் இரண்டு மணி நேரம், பாடத்துக்கு ஒரு நாள். தினமும் இரவு என்ன முடித்தாய் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். ஒன்பது நாள் செய்தி வந்தது. பத்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் படுத்திருந்தாள். அதன் பிறகு செய்தியே இல்லை. வராந்தாவில் என்னைப் பார்த்தால் படிக்கட்டு வழியாக இறங்கிப் போக ஆரம்பித்தாள்.

இரண்டு வாரம் கழித்து நானே கூப்பிட்டுப் பேசினேன். காய்ச்சல் போன பிறகு இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்து முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். பாக்கி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நான் உதவி என்று நினைத்து வைத்த தினசரிச் செய்தி அவளுக்கு இன்னொரு பரீட்சையாகிவிட்டது. தவறவிட்டால் மறைக்கத்தானே தோன்றும்?

அந்த டைம்டேபிளில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஒரு யூனிட்டுக்கு ஒரு மாலை என்று இருவரும் சேர்ந்தே மதிப்பிட்டிருந்தோம். உண்மையில் மூன்று மாலை ஆயிற்று. இது எல்லோருக்கும் நடப்பதுதான். ரோஜர் ப்யூலர் என்பவரும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆனர்ஸ் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப் போனால்கூட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். முடிந்ததோ 55 நாளுக்கு மேல். மோசமான கணிப்பைவிட மோசமாகப் போயிருக்கிறது! கட்டம் கட்டிய டைம்டேபிள் இரண்டாம் நாளே உடைவதற்கு இது போதும். மனஉறுதியை இழுக்கவே தேவையில்லை.

ஒரே ஒரு செயல்

அப்புறம்தான் சின்னதாக யோசிக்கத் தொடங்கினோம். தினமும் மாறாமல் நடப்பது எது? கடைசி வகுப்பு முடிவது. வகுப்பிலிருந்து ஹாஸ்டலுக்குப் போகும் வழியில் என்ன இருக்கிறது? நூலகம். அவள் ஒரு தாளில் இப்படி எழுதினாள்: "கடைசி வகுப்பு முடிஞ்சு வெளியே வந்ததும், ரூமுக்குப் போகாம, நூலகத்து முதல் மாடி ஜன்னலோர நாற்காலியில உக்காந்து, இன்னைக்கு நடந்த பாடத்துல ஒரு கணக்கு போடுவேன்."

"ஒரே ஒரு கணக்கா மேடம்? இதுல எப்படி மூணு அரியர் கிளியர் ஆகும்?"

"ஆகாது. இப்போதைக்கு நம்ம வேலை அது இல்லம்மா. கால் அந்தப் பக்கம் திரும்பணும், அதுதான் வேலை."

எப்போது, எங்கே, என்ன என்பதை முன்கூட்டியே ஒரு வாக்கியமாகக் கட்டி வைப்பதற்குப் பலன் உண்டு என்று பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். வெரோனிகா பிராண்ட்ஸ்டெட்டரோடு சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஒன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்பதுதான் மாணவர்களுக்குக் கொடுத்த வேலை. எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். இரு தரப்புக்கும் எண்ணம் ஒன்றேதான்.

நூலகத்தைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு வசதி இருந்தது. பையை வாசலில் உள்ள ராக்கில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனைப் பையிலேயே விட்டுவிடச் சொன்னேன். போனை எடுக்காதே என்று மனதுக்குக் கட்டளை போடுவதைவிட ஒரு மாடிப் படிக்கட்டை நடுவில் வைப்பது சுலபம்.

இந்தத் தடவை எனக்குச் செய்தி எதுவும் அனுப்ப வேண்டாம் என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டால் போதும், வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் பேசுவோம். இதோடு நான் வைத்த விதி ஒன்றே ஒன்று: விட்ட நாளுக்கு ஈடு கட்டக் கூடாது. நேற்று போகவில்லையா, இன்றைக்கும் ஒரு கணக்குதான். இரண்டு கிடையாது.

"21 நாள் பண்ணிட்டா பழக்கமாயிடும்ல மேடம்?" என்று கேட்டாள். இந்த 21 நாள் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பின் தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். அந்த 'குறைந்தது' எங்கோ வழியில் தொலைந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் லண்டனில் 96 பேரிடம் செய்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆனால் ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. ஆய்வு நடந்ததே 84 நாள்தான், 254 என்பது அதுவரை கண்ட போக்கை மேலும் நீட்டிப் பார்த்துக் கணக்கிட்ட எண். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. எனக்கு அதில் மிகப் பிடித்த முடிவு வேறு. ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது சொல்லிக்கொள்ளும்படி கெட்டுப்போகவில்லை. ஈடு கட்டாதே என்ற விதிக்கு எனக்கு இருந்த தைரியம் இதிலிருந்து வந்ததுதான்.

முதல் இரண்டு வாரமும் புதன்கிழமை மட்டும் டிக் இல்லை. கேட்டால், அன்று லேப் முடிய 5 மணி ஆகிறது, பசியும் களைப்புமாக இருக்கிறது என்றாள். புதன்கிழமைக்கு விடுமுறை என்று அறிவித்துவிட்டோம். அது தோல்வியாகப் பதிவாகிக்கொண்டே இருப்பதைவிட இது நல்லது. மூன்றாம் வாரம் ஒரு வேடிக்கை. ஜன்னலோர நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இவள் திரும்பி அறைக்கே போய்விட்டாள். சுற்றிலும் காலி நாற்காலிகள்! அவளுக்கே அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. பழக்கம் நாங்கள் எழுதிய வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பத் தொடங்கியிருந்தது. "அந்த நாற்காலி இல்லேன்னா அதே மாடியில எங்கேயாவது" என்று ஒரு வரி சேர்த்தோம்.

ஆறாம் வாரம் வாக்கில் ஒரு நாள் கடைசி வகுப்பு ரத்தானது. தோழிகளோடு பேசிக்கொண்டே நடந்தவள் நூலக வாசலில் பையை ராக்கில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று கவனித்திருக்கிறாள். "கால் தானா போயிடுச்சு மேடம்" என்றாள், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தது போல. அதற்குள் ஒரு கணக்கு மூன்று நான்காக வளர்ந்திருந்தது. முக்கால் மணி நேரம் உட்காருகிறாள். நான் சொல்லி அல்ல.

இன்டர்னல் தேர்வு வந்தது. மதிப்பெண் கிட்டத்தட்ட பழையபடியே இருந்தது.

அன்று அவளைவிட நான்தான் அதிகம் சோர்ந்துபோனேன். நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கணக்குகள், எல்லாம் சரியாக. எல்லாமே சரியாக இருந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. என் எதிரிலேயே ஒன்றைப் போடச் சொன்னேன். தீர்த்து வைத்த உதாரணக் கணக்கைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி எண்ணை மாற்றி எழுதினாள். ஆறு வாரமாக அவள் அங்கே செய்தது கையெழுத்துப் பயிற்சி.

இதில் பிழை என்னுடையது. உட்காரும் பழக்கம் வந்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்று நான் எடுத்துக்கொண்டேன். பழக்கம் நாற்காலி வரைதான் கொண்டுவந்து விடும். அதற்கு மேல் நடக்க வேண்டியது வேறு, அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து முறையை மாற்றினோம். உட்கார்ந்ததும் புத்தகம், நோட் எல்லாம் மூடியிருக்க வேண்டும். வெற்றுத்தாளில் ஐந்து நிமிடம், இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு கணக்கை எதையும் பார்க்காமல் போட வேண்டும். சிக்கினால் சிக்கட்டும். அதன் பிறகுதான் நோட்டைத் திறந்து சிவப்பு மையில் திருத்துவது. திங்கட்கிழமைகளில் போன வாரக் கணக்கு ஒன்று கூடுதலாக.

அவளுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "முன்னாடி படிச்சா எல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு மேடம்."

அந்தப் 'புரிஞ்ச மாதிரி'தான் ஆளைக் கவிழ்ப்பது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையின் எண்களை அவளுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஒரு பத்தியை ஒரு குழு இரண்டு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்தோ வாசித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வுக்கு முந்தைய இரவில் திரும்ப வாசிப்பது ஏன் இவ்வளவு திருப்தியாக இருக்கிறது, இரண்டு வாரத்தில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது. 2013இல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை அலசி வெளியிட்ட கட்டுரையில் திரும்ப வாசிப்பதும் ஹைலைட் செய்வதும் குறைந்த பயன் உள்ளவை என்ற பட்டியலில்தான் இடம்பெற்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்வரிசையில் இருந்தன. ஹைலைட்டரை நான் பிடுங்கிக்கொள்ளவில்லை. டைம்டேபிளுக்கு நிறம் தீட்டட்டும், கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

சிவப்பு மை முதல் இரண்டு வாரம் பக்கத்தில் பாதி இருந்தது. பிறகு கொஞ்சம் குறைந்தது. முழுக்கக் குறைந்துவிட்டால் கணக்கைக் கடினமாக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன், அந்த நிலை வரவில்லை.

செமஸ்டர் முடிவு

மூன்று அரியரில் இரண்டில் தேறிவிட்டாள். அந்த செமஸ்டரின் புதுத் தாள்கள் எல்லாவற்றிலும் தேறினாள். மதிப்பெண் சுமார்தான். இதை முழுக்க நூலக நாற்காலியின் கணக்கில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அரியர் தாள்களை இரண்டாம் முறை எழுதுகிறாள். அவற்றில் ஒன்றுக்கு அந்த ஆசிரியர் தனியாக வகுப்பு எடுத்தார். நடுவில் ஹாஸ்டல் அறையும் மாறியது. ஒரே ஒரு மாணவியை வைத்துக்கொண்டு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, தேர்வுக்கு முன்னால் அவள் இரவு கண்விழித்துப் படிக்கவில்லை என்பதுதான். அதை நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

விடுமுறை வந்தது, எல்லாம் கலைந்தது. அடுத்த செமஸ்டரில் கடைசி வகுப்பு வேறு பிளாக்குக்கு மாறிவிட்டது. அங்கிருந்து ஹாஸ்டலுக்குப் பின்பக்கமாக ஒரு குறுக்குவழி, நூலகம் கண்ணிலேயே படாது. இரண்டு வாரம் ஒரு டிக்கும் இல்லை. மூன்றாம் வாரம் நான் கூப்பிடாமலே வந்தாள்.

"மேடம், வழி மாறிடுச்சு."

முந்தைய ஆண்டு அவளே இதைச் சோம்பல் என்றிருப்பாள். இப்போது தீர்வையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். காலையில் இரண்டாம் பீரியட் முடிந்ததும் வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் காலி. வகுப்பறையை விட்டு எல்லோரும் வெளியே போனதும், அதே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கணக்கு. வாக்கியத்தை எழுதி நோட்டின் அட்டைக்குள் ஒட்டியும் வைத்துவிட்டாள். நான் செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளிக்கிழமைச் சந்திப்பை மாதம் ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டோம்.

இதே முறையை வேறு சிலரிடமும் முயன்று பார்த்தேன். படிப்போடு பகுதிநேர வேலையும் பார்க்கும் ஒரு மாணவனிடம் எடுபடவே இல்லை. அவனுடைய ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது, மாறாத ஒரு கணம் அவன் நாளில் இல்லை. கடைசியில், வேலைக்குப் போகப் பேருந்தில் ஏறி உட்கார்வதைப் பிடித்துக்கொண்டோம், ஓரளவு ஓடுகிறது. இன்னொருத்தி தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாள். அவளிடம் போய்ப் பழக்கம், நாற்காலி என்று பேசிக்கொண்டிருப்பது அபத்தம். அன்றைக்கே மனநல ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டைம்டேபிள் கேட்டு வரும் பிள்ளைகளில் சிலருக்கு வேண்டியது டைம்டேபிளே இல்லை. முதல் வாரம் எங்கே இருந்தாய் என்று எழுதச் சொல்லும் தாளில் அது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. அதனால்தான் இப்போதெல்லாம் அந்த ஒரு வாரம் முடிவதற்குள் நான் எந்த யோசனையும் சொல்வதில்லை.

அந்த மாணவி இப்போது நான்காம் செமஸ்டரில் இருக்கிறாள். பெஞ்சில் உட்காரும் பழக்கம் தொடர்கிறது, நடுவில் ஒருமுறை விட்டுப்போய்த் திரும்ப ஒட்டிக்கொண்டது. மிச்சமிருக்கும் அந்த ஒரே அரியர் நான் நடத்தும் பாடம்தான். அடுத்த மாதம் எழுதுகிறாள்.